சான்றை வகுப்பறைக்குள் கொண்டுவருதல்: செவிலியர் ஆசிரியர்களுக்குத் துணைநிற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மருந்தும் திரவமும் ஏற்றக் கையின் சிரையில் போட்ட கேனுலா என்ற மெல்லிய குழாயை மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்றுதான் செவிலியர்கள் பல காலம் படித்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் செவிலிய ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு, 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. நாள் கணக்கு வைத்து மாற்றியவர்களிடமும், வலி, வீக்கம், அடைப்பு என்று காரணம் தெரிந்தபோது மட்டும் மாற்றியவர்களிடமும் சிரை அழற்சி ஏறத்தாழ 7 சதவீதம்தான். காரணமில்லாமல் குத்துவதைத் தவிர்த்தால் நோயாளிக்கு வலி மிச்சம், செவிலியருக்கு நேரம் மிச்சம். இந்த ஆய்வை மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் "வழக்கம் என்பதற்காக எதையும் செய்யாதீர்கள், சான்றைக் கேளுங்கள்" என்று அழுத்தமாகவே சொல்கிறார்கள்.

அதே கேள்வியைக் கற்பிக்கும் முறையைப் பார்த்துக் கேட்பது அரிதாகவே நடக்கிறது. ஒரு மணி நேரம் தொடர்ந்து விரிவுரை ஆற்றினால் மாணவர் மனதில் எவ்வளவு நிற்கிறது? ஒரு முறை செய்து காட்டி, ஒரு முறை செய்யவைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தத் திறன் இருக்குமா? இவற்றுக்கும் ஆய்வுகள் விடை சொல்லியிருக்கின்றன. அந்த விடைகளை ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் பயன்படுத்தத் தொடங்குவதற்கு எப்படித் துணைநிற்பது என்பதே இந்த வழிகாட்டி. கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், மருத்துவமனைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் ஆகியோருக்கும், பதவி எதுவும் இல்லாமல் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் சக ஆசிரியருக்கும் இது பயன்படும். உண்மையில் சக ஆசிரியரின் கைதான் இதில் மற்ற எல்லோருடையதையும்விட வலுவானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான முயற்சிகள் ஒரு நாள் பயிலரங்கோடு தொடங்கி அன்றே முடிந்துவிடுகின்றன. ஆசிரியரின் மனத்தை முதலில் மாற்றினால் வகுப்பு தானாக மாறும் என்று நாம் நம்புவதே இதற்குக் காரணம். கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986-இல் இந்த வரிசையையே திருப்பிப் போட்டார். ஆசிரியர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார், தன் மாணவர்கள் முன்னைவிட நன்றாகக் கற்பதைக் கண்ணால் காண்கிறார், அதன் பிறகே நம்புகிறார் என்றார் அவர். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். தன் மாணவரின் விடைத்தாளை ஆசிரியர் பார்க்கும்படி செய்தால் போதும்.

முதல் படி: எந்தச் சான்று என்பதை நீங்கள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

"சான்று அடிப்படையிலான கற்பித்தல்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. மற்றவரிடம் பேசுவதற்கு முன் நான்கைந்து முறைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் பின்னால் உள்ள ஆய்வை நீங்களே படித்துவிடுங்கள். நான் பரிந்துரைப்பவை இவை.

முதலாவது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைப்பது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இதற்கு நல்ல தொடக்கம். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றுகளில் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் நினைவில் சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் சுமார் 61 சதவீதம். தேர்வு என்பது கற்றதை அளக்கும் கருவி மட்டுமல்ல, அதுவே கற்கும் வழி என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இரண்டாவது, இடைவெளி விட்டு மீண்டும் தொடுவது. மறதியின் வேகத்தை எபிங்காஸ் 1885-இலேயே தன்னை வைத்தே அளந்து காட்டினார். செவிலியக் கல்விக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. இதய நுரையீரல் மீட்புப் பயிற்சியில் கற்ற திறன் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஒரே நாளில் நீண்ட பயிற்சி கொடுத்து இரண்டு ஆண்டு சும்மா இருப்பதைவிட, சிறு சிறு பயிற்சிகளை இடைவெளி விட்டுத் தருவது மேல் என்ற கருத்து இதனால்தான் வலுப்பட்டது. 2013-இல் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது, மிக உயர்ந்த பயன் தருபவை என்று இவ்விரண்டையும் மட்டுமே குறித்தார்கள். மாணவர்கள் அதிகம் நம்பும் அடிக்கோடிடுதலும் திரும்பத் திரும்ப வாசித்தலும் அந்தப் பட்டியலில் கடைசி நிலைக்குப் போயின.

மூன்றாவது, வகுப்பில் மாணவரைச் செயலில் இறக்குவது. 2014-இல் ஃப்ரீமனும் குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். இவை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள், செவிலிய வகுப்புகள் அல்ல. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். சான்றின் எல்லையைச் சொல்பவரைத்தான் அனுபவமுள்ள செவிலியர் நம்புவார்.

நான்காவது, முழுதாகச் செய்துகாட்டிய கணக்கிலிருந்து படிப்படியாக உதவியைக் குறைப்பது. இதை நான்காவது படியில் விரிவாகக் காட்டுகிறேன். ஐந்தாவது, சிமுலேஷனும் (நோயாளிக்குப் பதிலாகப் பொம்மை போன்றவற்றை வைத்து வார்டுச் சூழலைப் போலவே செய்து பழகுவது) அதன் பிறகான கலந்துரையாடலும். அமெரிக்காவில் 10 செவிலியக் கல்வித் திட்டங்களில் நடந்து 2014-இல் வெளியான தேசிய ஆய்வு, வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனால் ஈடு செய்தாலும் மாணவர்களின் அறிவும் மருத்துவமனைத் திறனும் குறையவில்லை என்று கண்டது. "தரமான" என்ற சொல்லைப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே சிமுலேஷனை நடத்திய ஆசிரியர்களும், அதன் பிறகு கலந்துரையாடலை வழிநடத்தியவர்களும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். விலை உயர்ந்த பொம்மையை வாங்கிப் பூட்டி வைத்தாலோ, பயிற்சி முடிந்ததும் "சரி, அடுத்த குழு வாருங்கள்" என்றாலோ அந்தப் பலன் வராது.

எவையெல்லாம் சான்று இல்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற கூம்பு வடிவப் படம் ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி வரும். எட்கர் டேல் 1946-இல் வரைந்த மூலப் படத்தில் அந்தச் சதவீதங்களே இல்லை. அவை பின்னால் யாரோ ஒட்டியவை, எந்த ஆய்விலிருந்தும் வரவில்லை. மாணவர் "பார்த்துக் கற்பவர்", "கேட்டுக் கற்பவர்" என்று பிரிக்கும் கற்றல் பாணிக் கோட்பாடும் இப்படித்தான். பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் விரிவான மதிப்பாய்வில் காட்டினார்கள். சான்று பேச வந்த நீங்களே இந்தப் படத்தைத் திரையில் போட்டால், அந்தக் கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தாலும் போதும், உங்கள் மற்ற எல்லா வார்த்தையும் மதிப்பிழந்துவிடும்.

இரண்டாம் படி: ஏன் மாறவில்லை என்று கேளுங்கள், பதில் சொல்லாமல் கேளுங்கள்

ஆசிரியர்கள் பழைய முறையிலேயே நிற்பது சோம்பலால் என்று நினைப்பது அநியாயம். காலையில் வார்டில் மாணவர்களை மேற்பார்வை செய்துவிட்டு, மதியம் வகுப்பெடுத்து, மாலையில் பதிவேடுகளைத் திருத்தும் ஒருவரிடம் "புதுமையாகச் செய்யுங்கள்" என்று சொல்வதற்கு முன், அவர் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். "உங்கள் பாடத்தில் மாணவர்கள் எதில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார்கள்?" இந்த ஒரு கேள்வி போதும். யாரும் இதற்குப் பதில் சொல்லத் தயங்குவதில்லை, ஏனென்றால் இது அவர்களைக் குற்றம் சொல்லும் கேள்வி அல்ல. அமில-கார சமநிலை, இன்சுலின் வகைகள், சொட்டு வேகக் கணக்கு, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று பதில்கள் கொட்டும். எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தடுமாற்றம்தான் நீங்கள் நுழைய வேண்டிய வாசல்.

பேச்சின் ஊடே தடைகளும் வெளிப்படும். பாடத்திட்டம் முடியாது என்பார்கள். மாணவர்களுக்கே விரிவுரைதான் பிடிக்கிறது என்பார்கள். இந்த இரண்டாவது தடையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உண்மை. 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், பங்கேற்று உழைத்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் நன்றாகப் பேசிய விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான பேச்சைக் கேட்கும்போது புரிந்துவிட்டது என்று தோன்றும், தானாக யோசிக்கும்போது தடுமாற்றம்தான் தெரியும். மாணவர் கருத்துப் படிவத்தில் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சும் ஆசிரியரின் அச்சம் நியாயமானது. எனவே முறையை மாற்றும் முதல் பருவத்தில் அந்தப் படிவத்தை வைத்து அவரை மதிப்பிட மாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்றுத் தாருங்கள். மாணவர்களுக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லச் சொல்லுங்கள்: "சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது." அதே ஆய்வு, தொடக்கத்திலேயே இப்படி விளக்கிச் சொன்னால் மாணவர் மனநிலை மாறுவதாகவும் கண்டது.

இன்னொரு தடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேடையில் நின்று பேசும்போது எல்லாம் ஆசிரியரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாணவரைப் பேசவிட்டால், தனக்குத் தெரியாத கேள்வி வரலாம். பல ஆண்டு வார்டு அனுபவம் உள்ளவருக்கு வகுப்பில் "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பது கனமான வார்த்தை. அதை ஒரு மூத்தவர் எல்லோர் முன்னிலையிலும் இயல்பாகச் சொல்லிக் காட்டும் இடத்தில்தான் இளையவர்களுக்கும் அந்தத் துணிவு வரும்.

மூன்றாம் படி: யாரோடு தொடங்குவது

ஆர்வம் மிகுந்த இளம் ஆசிரியரிடம் போய் நிற்கத் தோன்றும். அவர் உடனே செய்வார், ஆனால் "அது அவருக்குச் சரி" என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மற்றவர்கள் சந்தேகம் கேட்கப் போகும் ஒருவர் ஒவ்வொரு துறையிலும் இருப்பார். நிதானமானவர், எதையும் உடனே ஏற்காதவர், மாணவர் மதிப்பவர். அவரும் ஆர்வமுள்ள ஒருவரும் சேர்ந்த இருவர் குழு போதும்.

புதிய வழக்கங்கள் எப்படிப் பரவுகின்றன என்று எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் எழுதியபோது, ஒரு வழக்கம் விரைவாகப் பரவ ஐந்து தன்மைகள் உதவும் என்றார். பழையதைவிடப் பயன் தெரிய வேண்டும், ஏற்கெனவே செய்வதோடு ஒத்துப்போக வேண்டும், சிக்கல் இல்லாமல் இருக்க வேண்டும், சிறிதாகச் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும், பலன் பிறர் கண்ணில் பட வேண்டும். வகுப்பின் தொடக்கத்தில் மூன்று கேள்வி கேட்பது இந்த ஐந்திலும் தேறிவிடும். பாடத்திட்டம் முழுவதையும் திருப்பிப் போடுவது ஒன்றில்கூடத் தேறாது. ஆகவே மூன்று கேள்வியில் தொடங்குங்கள்.

நான்காம் படி: ஒரு பாடம், ஒரு மாற்றம்

ஒரே பாடத்தை எடுத்து எப்படி மாற்றுவது என்று இங்கே முழுதாகக் காட்டுகிறேன். சொட்டு வேகக் கணக்கு எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு, அதில் தவறு நேர்ந்தால் நோயாளிக்கு நேரடியான ஆபத்தும் உண்டு.

வழக்கமான வகுப்பில் ஆசிரியர் சூத்திரத்தை எழுதி, இரண்டு கணக்குகளைப் போட்டுக் காட்டி, ஐந்து கணக்குகளை வீட்டுப்பாடமாகத் தருவார். மாற்றிய வகுப்பு இப்படி நடக்கும்.

ஆசிரியர் ஒரு கணக்கை ஒவ்வொரு வரியாக, ஏன் என்று சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டுகிறார். 500 மி.லி. திரவம், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் (திரவம் ஏற்றும் சொட்டுக் குழாய்). 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. அடுத்த கணக்கில் கடைசி வரியை மட்டும் காலியாக விட்டு மாணவரை நிரப்பச் சொல்கிறார். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரிகள் காலி. நான்காவது கணக்கில் கேள்வி மட்டும்தான், எல்லா வரியும் மாணவருடையது. புதிதாகக் கற்பவரின் மனத்தில் ஒரே நேரத்தில் ஏறும் சுமையைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் இதையே செய்ய வேண்டாம். தெரிந்தவருக்கு முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்கு வேகத்தைக் குறைக்கும்.

பிறகு ஒரு செட்டின் உறையைக் கையில் காட்டிக் கேட்கிறார். உறையில் மி.லி.க்கு 15 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. 1,000 மி.லி. 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு: 31, 42, 125, 1,875?

இந்த நான்கு விடைகளும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவை அல்ல. 31 சரியான விடை. 42 என்று சொல்பவர் உறையைப் படிக்காமல், சற்று முன் பார்த்த 20-ஐப் போட்டுவிட்டார். 125 என்பவர் மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்று நினைத்துவிட்டார். 1,875 என்பவர் மணியை நிமிடமாக மாற்ற மறந்தவர், அதோடு நிமிடத்தில் 1,875 சொட்டு விழ முடியுமா என்று தன் விடையைத் திரும்பிப் பார்க்காதவர். எத்தனை கைகள் எந்த விடைக்கு உயர்கின்றன என்று பார்த்த அந்த நொடியில், வகுப்பு எங்கே தடுக்கி விழுகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. மாதத் தேர்வின் விடைத்தாள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கை உயர்த்தியதும் சரியான விடையைச் சொல்லிவிடக் கூடாது. ஏறத்தாழ பாதிப் பேர் தவறியிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடையை விளக்கச் சொல்லி இரண்டு நிமிடம் விடுங்கள், மீண்டும் கை உயர்த்தச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்புக்கு வகுத்த முறை இது. பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் பேச வைக்காமல் அடுத்ததுக்குப் போகலாம். கிட்டத்தட்ட எல்லோரும் தவறினால் அவர்கள் பேசிக்கொள்வதிலும் பயனில்லை, ஆசிரியர்தான் மீண்டும் விளக்க வேண்டும்.

அடுத்த வாரம், வேறு பாடம் நடக்கும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் இதே போன்ற ஒரு கணக்கு. ஒரு மாதம் கழித்து இன்னொன்று. வார்டுக்குப் போன முதல் நாள், உண்மையான மருந்துக் குறிப்பை வைத்து ஒன்று. மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் போட்டால் பார்த்து எழுதுவார்கள், நமக்கு வேண்டியது அவர்கள் நினைவில் உண்மையில் இருப்பது.

பாடத்திட்டம் முடியுமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். நேரம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். புத்தகத்தில் அப்படியே உள்ள வரையறைகளையும் பட்டியல்களையும் திரையில் வாசிப்பதை விட்டுவிட்டால் அந்த நேரம் கிடைக்கும். அவற்றை முன்கூட்டியே படித்து வரச் சொல்லி, தொடக்கக் கேள்விகளில் அதைச் சோதிக்கலாம். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று ஆசிரியருடன் உட்கார்ந்து தீர்மானிப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. எதையும் எடுக்காமல் புதியதை மட்டும் சேர்த்தால் ஒரு பருவத்திலேயே களைத்துப்போவார்.

ஐந்தாம் படி: வகுப்பில் உடன் உட்காருங்கள்

முறை தெரிந்திருந்தும் செய்ய வராமல் போவது இந்த இடத்தில்தான். ஒரு சக ஆசிரியர் வகுப்பின் பின் வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். எதைக் கவனிப்பது என்று முடிவு செய்வது பாடம் நடத்துபவர். குறிப்பு அவர் கையில்தான் போகும், முதல்வர் அறைக்குப் போகக் கூடாது. மதிப்பீட்டுப் படிவத்தோடு இதைக் கலந்தால் எல்லோரும் அன்றைக்கு மட்டும் ஒத்திகை பார்த்த வகுப்பை நடத்துவார்கள்.

கவனிக்க நல்ல ஒன்று, கேள்வி கேட்ட பிறகான அமைதி. மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தாலே மாணவர் பதில்கள் நீண்டன, தெளிந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். நொடியை எண்ணுவது யாரையும் புண்படுத்தாது.

வகுப்பு முடிந்ததும் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"மேடம், சோடியம் குறைவு பற்றி மூன்று கேள்வி கேட்டீர்கள். இரண்டாவதுக்குப் பதில் வருவதற்குள் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது முன் வரிசையில் ஒரு பெண் வாய் திறக்க வந்தாள். அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது?"

"பாடம் முடியாது என்று பயம். அமைதியாக இருந்தால் நான் சரியாகக் கேட்கவில்லையோ என்றும் தோன்றியது."

"அடுத்த வகுப்பில் அந்த அமைதியை என்ன செய்து பார்க்கலாம்?"

"முதலில் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு கேட்கிறேன்."

பார்த்ததைச் சொல்லி, ஏன் கவனித்தோம் என்று காட்டி, அவர் எண்ணத்தைக் கேட்பது. சிமுலேஷனுக்குப் பின்னான கலந்துரையாடலில் மாணவரிடம் கையாளச் சொல்லித்தரும் முறையே இது. ஆசிரியர்களும் இதே முறையில் தங்களுக்குள் பேசிப் பழகினால் சிமுலேஷன் அறையிலும் அந்தத் திறன் தானாக வரும்.

ஆறாம் படி: அளந்து பாருங்கள், ஆனால் அடக்கமாக

ஒரு பருவம் முடிவதற்குள் ஆசிரியர் கையில் ஏதாவது ஒரு பலன் தெரிய வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. மூன்று விதிகள் போதும். பாடம் முடிந்த உடனே அளக்காமல், நான்கு வாரம் கழித்து அளக்க வேண்டும், ஏனென்றால் உடனடித் தேர்வில் வேறுபாடு தெரியாமலோ தலைகீழாகவோகூடப் போகலாம். வகுப்பில் கேட்ட அதே கேள்வியைக் கேட்காமல் எண்களையும் சூழலையும் மாற்றிய கேள்வி வேண்டும். மாற்றிய பாடத்தையும் மாற்றாத பாடத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். அப்போது அதே மாணவர்கள் இரண்டிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட முடியும்.

நாற்பது பேர் வகுப்பில் வந்த வேறுபாட்டை "நிரூபித்துவிட்டோம்" என்று அறிவிக்கக் கூடாது. போன ஆண்டு மாணவரும் இந்த ஆண்டு மாணவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல, கேள்விகளின் கடினமும் ஒன்றல்ல. "எங்கள் வகுப்பில் இப்படி வந்தது, ஆய்வுகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது" என்பதே நேர்மையான வாக்கியம். பலன் வரவில்லை என்றால் அதையும் துறைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட எண்ணம் இருந்தால், தொடங்குவதற்கு முன்பே நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் போய்விடுங்கள். பின்னால் அனுமதி வாங்க முடியாது.

ஏழாம் படி: தேர்வைத் தொடாமல் எதுவும் நிலைக்காது

மற்ற எல்லாம் சரியாக நடந்தும் இரண்டாம் ஆண்டில் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள் என்றால், வினாத்தாளைப் பாருங்கள். "இதயச் செயலிழப்பை வரையறுத்து, காரணங்களைப் பட்டியலிடுக" என்று தேர்வு கேட்கும் வரை, நோயாளியின் நிலையை யோசித்து முடிவெடுக்கப் பழக்கும் வகுப்பு மாணவருக்கு வீண் சுமையாகவே தெரியும். அவர்கள் மேல் தவறில்லை.

பொதுத் தேர்வு உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். உள் மதிப்பீடு பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கேள்விகளையாவது நோயாளியின் சூழலில் வைத்துக் கேளுங்கள்: "மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் குறைந்திருக்கிறது, எடை கூடியிருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள், யாரிடம் என்ன சொல்வீர்கள்?" செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு தேர்வாளர் ஒவ்வொரு விதமாக மதிப்பெண் போடும் நிலை இருந்தால், ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய, எல்லோரும் ஒரே நிலையங்களை (ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பணி) வரிசையாகக் கடந்து, ஒரே சரிபார்ப்புப் பட்டியலால் மதிப்பிடப்படும் ஓஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறையை ஒரு பாடத்திலாவது கொண்டுவாருங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்

உங்கள் பங்கு ஊக்க உரை ஆற்றுவது அல்ல. வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, அந்த நேரத்தில் யாரையும் வேறு வேலைக்கு அழைக்காமல் காப்பாற்றுவதுதான். அந்த மணி நேரத்தில் ஆசிரியர்கள் ஒரு வாரம் கற்பித்தல் பற்றிய ஒரு ஆய்வுக் கட்டுரையை மருத்துவக் கட்டுரையை அலசும் அதே கண்டிப்போடு அலசலாம். மறு வாரம் தொடக்கக் கேள்விகளைச் சேர்ந்து எழுதலாம். நல்ல கேள்வி எழுதுவது கடினம், தனியாக எழுதினால் இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

வார்டில் பயிற்சி தரும் செவிலியர்களையும் அந்த மணி நேரத்துக்கு அழையுங்கள். வகுப்பில் ஒன்றைக் கற்று, வார்டில் "அதெல்லாம் புத்தகத்தில்தான்" என்று மாணவர் கேட்க நேர்ந்தால், இரண்டு இடத்து உழைப்பும் கரைந்துபோகும்.

பணி உயர்வுக்கான படிவத்தில், வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், மாற்றி அமைத்த பாடங்களுக்கும் சக ஆசிரியருக்குத் துணைநின்ற நேரத்துக்கும் ஒரு வரி சேருங்கள். கண்ணில் படாத உழைப்பை யாரும் நெடுநாள் தொடர மாட்டார்கள்.

ஏற்காதவர்களை என்ன செய்வது

ஓராண்டு ஆன பிறகும் ஒரு சிலர் அசையாமல் இருப்பார்கள். கட்டாயப்படுத்தினால், கேள்வி கேட்பது போலக் கேட்டுவிட்டு தானே பதில் சொல்லும் வகுப்புதான் கிடைக்கும். அவர்களில் சிலர் மிகச் சிறந்த விரிவுரையாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். அரிதான ஒரு நோயாளியின் கதையை முப்பது ஆண்டு அனுபவத்தோடு சொல்லும் வகுப்பை எந்த ஆய்வும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அந்தக் கதையை நடுவில் நிறுத்தி, "இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்" என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பார்க்கும்படி மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள். மாணவர்கள் எழுதியதை அவரே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கட்டும்.

இதற்கிடையில், எழுதிச் சேர்த்த கேள்விகளையும் தவறான விடைகளின் காரணங்களையும் பாடவாரியாக ஒரு பொதுக் கோப்பில் வையுங்கள். தொடங்கி வைத்தவர் இடமாற்றம் ஆகிப் போனால், அவர் இடத்துக்கு வருபவர் முதல் வாரத்திலேயே அந்தக் கோப்பைத் திறந்து, தன் பாடத்துக்கான மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போக முடிய வேண்டும்.